பால் பத்தலையா, இல்ல நான்தான் தப்பா குடுக்குறேனா? (9 நாள் பாப்பா, செந்தூல், கோலாலம்பூர்)

செந்தூல்_புதுஅம்மா | செவ்வாய், விடியக்காலை 3:12

எல்லாருக்கும் வணக்கம். இங்க எல்லாத்தையும் படிச்சிட்டு சும்மாவே இருந்தவ, இன்னிக்கிதான் மொத தடவ எழுதுறேன், அதுவும் ஒத்த கையில, பிழை இருந்தா மன்னிச்சிருங்க.

மொத பிள்ள, பொண்ணு, ஆப்பரேசன்ல பொறந்தா, இன்னியோட 9 நாள். பொறந்தப்ப 3.10 கிலோ. அஞ்சாம் நாள் கேகேல (அரசாங்க கிளினிக்) நிறுத்துப் பாத்தப்ப 2.84. நேத்து 2.88. நடுவுல மஞ்சள் காமாலை அளவு 240 வரைக்கும் ஏறி இப்ப எறங்கிட்டு இருக்கு, லைட்ல வைக்கத் தேவையில்லன்னு சொல்லிட்டாங்க.

பிரைவேட் ஆஸ்பத்திரி (பேரு வேணாம்). மொத ரெண்டு ராத்திரியும் "நீங்க ரெஸ்ட் எடுங்க மேடம்"னு பாப்பாவ நர்சரிக்கு தூக்கிட்டு போயிட்டாங்க, காலையில வந்தப்பதான் தெரியும் புட்டியில மாவுப்பால் குடுத்திருக்காங்கன்னு, என்னைய ஒரு வார்த்த கேக்கல. வீட்டுக்கு வந்து பால் குடுத்தா பிள்ள வாய வைக்குது, ரெண்டு சப்பு, தூங்கிருது, கீழ போட்டா கத்துது. எனக்கு உயிர் போற வலி. குடிச்சு முடிச்சதும் காம்பு லிப்ஸ்டிக் முன மாதிரி சாஞ்சு வெள்ளையா இருக்கு.

எங்கம்மா ஈப்போலருந்து வந்து அஞ்சு நாள் இருந்தாங்க, லீவு முடிஞ்சு போயிட்டாங்க. இப்ப மாமியார் இருக்காங்க. நல்லவங்கதான், ஆனா பிள்ள கத்துனாலே "பால் இல்ல உனக்கு, பச்சப்புள்ளைய பட்டினி போடாத"ன்னு புட்டி கலக்கிருவாங்க. நான் தூங்கணும்னு ராத்திரி முழுக்க அவங்களே வச்சிக்கிறாங்க. நேத்து பம்ப் பண்ணிப் பாத்தேன், ரெண்டு பக்கமும் சேத்து 20 மில்லி. அதப் பாத்துட்டு பாத்ரூம்ல போயி அழுதேன்.

எனக்கு உண்மையிலயே பால் இல்லையா?

கிள்ளான்_வாலுங்க_ரெண்டு | 3:31

ஐயோ தங்கச்சி அழாத. பம்ப்ல வர்றத வச்சு கணக்கு போடாத, மெசினுக்கு வராத பால் பிள்ளைக்கு வரும். எனக்கு மொதலாவதுக்கு பம்ப்ல 30 மில்லிக்கு மேல வந்ததே இல்ல, பையன் இப்ப ஸ்டாண்டர்ட் டூ, வாசப்படி தாண்ட மாட்டேங்குறான் அவ்ளோ குண்டு 😅

ஓய்வு_மிஸ்ஸி | 3:48

தூக்கம் வராத வயசு எனக்கு, அதனால உடனே பதில். முப்பது வருசம் கிளினிக்கில மிஸ்ஸியா, அதாவது நர்சா, வேல பாத்துட்டு இப்ப பத்துகேவ்ஸ்ல பேரப்பிள்ளைங்களோட இருக்கேன்.

பம்ப்ப ஒரு ஓரமா வையிமா. எனக்கு வேற கணக்கு வேணும். நேத்து காலையிலருந்து இன்னிக்கி காலை வரைக்கும் பாரமான மூத்திர பேம்பர்ஸ் எத்தன? வெளிக்கி எத்தன தடவ, என்ன கலர்? ஒரு நாளைக்கு எத்தன தடவ மார்ல போடுற, எத்தன தடவ புட்டி, ஒவ்வொன்னும் எவ்ளோ? காய்ச்சல் இருக்கா? பிள்ள எழுப்புனா எழுந்திரிக்குதா?

செந்தூல்_புதுஅம்மா | 4:20

மூத்திரம் நாலு. வெளிக்கி ஒன்னு, பச்சையும் மஞ்சளுமா. மார்ல அஞ்சோ ஆறோ தடவ. புட்டி பகல்ல ஒன்னு ராத்திரி ரெண்டு, 60 மில்லி. காய்ச்சல் இல்ல. எழுந்திரிக்கிறா, ஆனா குடிக்கும்போது தூங்கிருவா.

ஓய்வு_மிஸ்ஸி | 4:55

சரி, உள்ளத உள்ளபடி சொல்றேன், பயப்படாத. "பால் தாராளமா இருக்கு ஒன்னும் பிரச்சன இல்ல"ன்னு சொல்ல மாட்டேன். 9 நாள் பிள்ளைக்கு மூத்திரம் ஆறுக்கு மேல இருக்கணும், வெளிக்கி மஞ்சளா மூணு நாலு தடவயாச்சும் போகணும். மூணு நாள்ல 40 கிராம் ஏறுனது கம்மி. இந்த வயசுல ஒரு நாளைக்கே 20லருந்து 30 கிராம் ஏறணும். ஆனா ஏறுது, எறங்கல. அதுதான் முக்கியம்.

ஆனா "உனக்கு பால் இல்ல"ங்கறதும் இதுல இல்ல. நீ எழுதுனதுல எனக்கு முக்கியமா பட்டது லிப்ஸ்டிக் முன. காம்பு நசுங்கி சாஞ்சு வெளிய வந்தா பிள்ள காம்ப மட்டும் கடிச்சு சப்புதுன்னு அர்த்தம். பால் காம்புல இல்லமா, காம்ப சுத்தி இருக்குற கறுப்பு வட்டத்துக்கு பின்னால இருக்கு. வாய கொட்டாவி விடுற மாதிரி பெருசா தொறந்து, கீழ்த்தாட மார்ல அழுந்தி, கீழ் உதடு வெளிய மடங்கி, அந்தக் கறுப்பு வட்டத்துல கீழ்ப்பக்கம் அதிகமா வாய்க்குள்ள போகணும். அப்படி புடிச்சா மொத கொஞ்ச நேரம் சுருக்குன்னு இருக்கும், அப்பறம் வலிக்காது, "க்க... க்க..."ன்னு முழுங்குற சத்தம் கேக்கும். வலிச்சிக்கிட்டே இருந்தா சுண்டு விரல பிள்ள வாய் ஓரத்துல விட்டு காத்த எடுத்துட்டு மறுபடி போடு, பல்ல கடிச்சிக்கிட்டு இழுக்க விடாத.

உனக்கு ஆப்பரேசன், வயித்து மேல பிள்ளைய படுக்கப் போட முடியாது. ரக்பி பந்த கக்கத்துல இடுக்குற மாதிரி பக்கவாட்டுல வச்சு, கால் பின்னாடி போற மாதிரி, கீழ தலகாணி குடுத்து போட்டுப் பாரு. தையலும் தப்பிக்கும், வாய் எப்படி புடிச்சிருக்குன்னு உன் கண்ணாலயே பாக்கலாம்.

அடுத்தது ராத்திரி. உங்க மாமியார் உன்மேல பாசத்துலதான் பிள்ளைய தூக்கிட்டு போறாங்க, அதுல சந்தேகமில்ல. ஆனா பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரியிலதான் அதிகம். அதோட மார்ல பால் தேங்கி நின்னா உடம்பு "ஓகோ இவ்ளோ தேவயில்ல போல"ன்னு சுரக்குறத கொறச்சிரும். கெணத்துல எறைக்காம விட்டா ஊத்து அடைஞ்சு போகும்ல, அதேதான். 24 மணி நேரத்துக்கு எட்டுலருந்து பன்னெண்டு தடவ மார்ல போடணும், மஞ்சள் இருந்த பிள்ள தூங்கிக்கிட்டே இருக்கும், ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ எழுப்பியாவது குடு. துணிய கழட்டிட்டு உன் நெஞ்சோட தோல் படுற மாதிரி போட்டுக்க, உள்ளங்கால தேச்சு விடு, முழிச்சிக்கும்.

புட்டிய இன்னிக்கே தூக்கி வீசிராத. இது ரொம்ப முக்கியம். எடை கொறைஞ்ச பிள்ளைக்கு திடீர்னு நிறுத்துனா குடிக்கவே தெம்பு இருக்காது. மொத மார், ரெண்டு பக்கமும். அப்பறம் புட்டி. புட்டி குடுக்குற ஒவ்வொரு தடவயும் நீ கையாலயோ பம்ப்லயோ எடுத்துரு, அந்தப் பாலையே அடுத்த தடவ மாவுப்பாலுக்கு பதிலா குடுக்கலாம். எடை ஏற ஏற மாவுப்பால கொறச்சிக்கிட்டே வரலாம்.

நாளைக்கே கேகேக்கு போயி தாய்ப்பாலுக்குன்னு பயிற்சி எடுத்த மிஸ்ஸி இருந்தா கேளு. நாக்கு அடியில ஒட்டியிருக்கான்னும் பாக்கச் சொல்லு. பிள்ள எழுப்பியும் எழாம துவண்டு போச்சுன்னா, மூத்திரம் இன்னும் கொறஞ்சா, காய்ச்சல் வந்தா கிளினிக் தொறக்கட்டும்னு காத்திருக்காத, நேரா எமர்ஜென்சிக்கு போ.

கெப்போங்_அப்பா | செவ்வாய், காலை 7:15

மிஸ்ஸி இத பிரிண்ட் எடுத்து ஐஸ்பெட்டியில ஒட்டலாம். ஒரு சந்தேகம், எங்களுக்கு பொறந்தது ஜிஎச்சுல (அரசாங்க ஆஸ்பத்திரி), அங்க புட்டி கொண்டு போனதுக்கே மிஸ்ஸி மொறைச்சாங்க. பிரைவேட்ல மட்டும் ஏன் இப்படி?

ஓய்வு_மிஸ்ஸி | 8:02

எல்லா பிரைவேட்டும் அப்படி இல்ல, நல்லா செய்யிற எடமும் இருக்கு. 1991ல உலக சுகாதார நிறுவனமும் யுனிசெபும் "குழந்தை நேய ஆஸ்பத்திரி"ன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள மார்ல போடணும், அம்மாவும் பிள்ளையும் ஒரே ரூம்ல இருக்கணும், மருத்துவக் காரணம் இல்லாம வேற பால் குடுக்கக் கூடாதுன்னு பத்து படி. நம்ம மலேசியாவுல 1993ல ஆரம்பிச்சு 1998க்குள்ள அரசாங்க ஆஸ்பத்திரி அத்தனையும் அந்தப் பட்டம் வாங்கிருச்சு, உலகத்துல மூணாவது நாடு நாம. அப்ப நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும், வார்டுல புட்டிய ஒளிச்சு வச்சிருக்குற பாட்டிங்கள துப்பறிஞ்சு புடிக்கிறதே ஒரு ட்யூட்டி 😂 பிரைவேட்டுக்கு அது கட்டாயமில்ல, விருப்பப்பட்டா சேரலாம். அதனால பிரசவத்துக்கு மின்னாடியே "பிள்ள என்கூடத்தான் இருக்கும், என்னைய கேக்காம புட்டி குடுக்கக் கூடாது"ன்னு எழுதிக் குடுத்துருங்க, வாயால சொன்னா சிப்டு மாறுனதும் மறந்துருவாங்க.

சுங்கைசிப்புட்_பாட்டி | 11:40

பேத்தி டைப் பண்ணுது நான் சொல்ல சொல்ல. அந்தப் பிள்ளைக்கு பத்தியம் ஒழுங்கா போகுதான்னு யாரும் கேக்கலயே. பூண்ட நல்லெண்ணையில வதக்கி கொழம்பு வை, ஒரு வேளைக்கு ஒரு முழு பூண்டு. பால்சுறா புட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள். கருவாடு. முருங்கக்கீர. பிள்ள பெத்த மருந்து ஒரு உருண்ட. பச்ச தண்ணி ஆகாது, வெந்நி மட்டும், அதுவும் கம்மியா, இல்லாட்டி வயிறு போட்டுரும். தல ஈரமா இருக்கக் கூடாது. பால் அருவி மாதிரி வரும்.

ஓய்வு_மிஸ்ஸி | 12:25

பாட்டிம்மா உங்க பூண்டு கொழம்புக்கு நான் எதிரி இல்ல, நாலு பிள்ளைக்கும் நானே சாப்புட்டிருக்கேன். கீரயும் கருவாடும் சாப்பாட்டுக்கு நல்லது. ஆனா தண்ணிய கொறைக்கிறது மட்டும் வேணாம், கோலாலம்பூர் சூட்டுல பால் குடுக்குற பொண்ணு தாகத்துக்கு குடிச்சே ஆகணும், வெந்நியாவே இருக்கட்டும்.

சுறாவப் பத்தி சொன்னா எல்லாரும் என்மேல கோவப்படுவாங்க. சுறா மத்த மீன தின்னு வளர்ற மீன், அதனால பாதரசம் அதுல சேந்து போயிருக்கும், பால் குடுக்குற அம்மா அத தவிர்க்கணும்னுதான் சொல்றாங்க. அதுக்கு பதிலா கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) வாங்கி அதே மாதிரி புட்டு செஞ்சு பாருங்க, வாசன கொஞ்சம் மாறும் அவ்ளோதான்.

உருண்ட மருந்து, நாட்டு மருந்து விசயத்துல இன்னொன்னு, பிள்ளைக்கு பொறந்தப்ப எடுத்த ரத்தத்துல ஜி6பிடி (ரத்த அணுவ காக்குற ஒரு நொதி) கொறைவுன்னு வந்திருந்தா என்ன மூலிகைன்னு டாக்டர்கிட்ட காட்டாம சாப்புடாதீங்க. அலமாரியில அந்துருண்டையும் வேணாம், அந்த வாசமே அந்தப் பிள்ளைக்கு ரத்தத்த கரைச்சு மஞ்சள ஏத்தி விட்டுரும்.

சுங்கைசிப்புட்_பாட்டி | 12:58

கெம்போங்ல சுறா புட்டா. கலிகாலம்.

ஆனா மிஸ்ஸி சொல்றது ஒன்னு சரி, ராத்திரி பிள்ளைய தாயிட்ட விடணும். எனக்கு மூணு பிள்ள, ரப்பர் எஸ்டேட்டுல பெத்தேன். நாப்பது நாள் கழிச்சு வேலைக்கு போயாச்சு. இருட்டுலயே பிள்ளைய ஆயாக்கொட்டாயில விட்டுட்டு பெரட்டுக்கு (காலையில ஆள் கணக்கெடுக்குறது) ஓடணும். பத்து மணிக்கு பால்மரத்துல பால் சொட்டுறத பாத்துக்கிட்டு நிப்பேன், எங்க மாரு கட்டி சட்டையெல்லாம் நனஞ்சிரும். ரெண்டு மைலு தள்ளி பிள்ள பசிச்சு அழும், ஆயா டின்பால சுடுதண்ணியில கரைச்சு குடுப்பா. மரத்து பாலுக்கு கணக்கு இருந்துச்சு, எம்பாலுக்கு கணக்கில்ல. ராத்திரி மட்டுந்தான் பிள்ள எம்மார்ல கெடக்கும், அதனாலதான் பால் வத்தாம ஒன்ற வருசம் குடுத்தேன்.

பழைய_வாத்தியார் | 2:10

பாட்டிம்மா சொன்ன டின்பால் பத்தி ஒரு சேதி. சர்க்கரை போட்ட கெட்டிப்பால், இப்ப நாம தே தாரிக் டீயில ஊத்துறது, அதைத்தான் அந்தக் காலத்துல மலாயாவுலயும் சிங்கப்பூர்லயும் குழந்தைக்கு ஏத்ததுன்னு விளம்பரம் பண்ணி வித்தாங்க. சிசிலி வில்லியம்ஸ்னு ஒரு குழந்தை மருத்துவர், ஆப்பிரிக்காவுல வேலை பார்த்துட்டு இங்க மாற்றலாகி வந்தவங்க, 1939ல சிங்கப்பூர் ரோட்டரி கிளப்புல பேச கூப்பிட்டாங்க, போயி "பாலும் கொலையும்"னு தலைப்பு வச்சு இந்த விளம்பரத்தால சாகுற குழந்தைங்களுக்கு கொலைன்னுதான் பேரு வைக்கணும்னு முகத்துக்கு நேரா பேசிட்டு வந்தாங்க. அதுக்கு நாப்பது வருசம் கழிச்சு 1979லதான் நம்ம நாட்டுல மாவுப்பால் விளம்பரத்துக்கு நெறிமுறை வந்துச்சு. அதுவும் சட்டமில்ல, நெறிமுறைதான். தலைப்ப விட்டு வெளிய போயிட்டேன், மன்னிக்கவும், பழைய தொழில் விடமாட்டேங்குது.

ஜெலுத்தோங்_காரி | செவ்வாய், ராத்திரி 9:33

ரெண்டு நாளா எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன்... தப்பு, இன்னிக்கிதான இழையே ஆரம்பிச்சிருக்கு, எனக்கு ரெண்டு நாள் மாதிரி இருக்கு. நான் பினாங்கு. எனக்கு கர்ப்பத்துல சக்கரை, பிரசவத்துல ரத்தம் நெறைய போச்சு, பால் எறங்கவே ஒரு வாரம் மேல ஆச்சு, எறங்குனதும் சொட்டு சொட்டாதான். பூண்டு, வெந்தயம், ஆன்லைன்ல 60 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து பூஸ்டர் பிஸ்கட், மலாய் மக்சிக் (உருவி விடுற அம்மா) வந்து உருவி விட்டாங்க, டாக்டர் மாத்திரையும் குடுத்தாரு. ஆறு வாரம். ஒரு நாளைக்கு 150 மில்லிக்கு மேல வரல. கடைசியில மாவுப்பாலுக்கு மாறுனேன்.

உலக தாய்ப்பால் வாரம்னு வருசா வருசம் ஆகஸ்ட் 1லருந்து 7 வரைக்கும் கொண்டாடுறாங்கல்ல, அத நடத்துற வாபா அமைப்பு எங்க ஊர்லதான் இருக்கு, 1991லருந்து. அந்த வாரத்துல போஸ்டர பாத்தா நான் அந்த ரோட்ட சுத்திட்டு போவேன். "கொலை"ன்னு எழுதுறப்ப படிக்கிறவங்கள்ல என்னைய மாதிரி ஆளும் இருக்காங்க சார்.

பழைய_வாத்தியார் | 9:50

அம்மா, அவங்க திட்டினது டின்பால் வித்தவங்கள, வாங்குன தாய்மார்கள இல்ல. ஆனா நான் அதை சொல்லாம விட்டது பிழை. மனசு வருத்தப்பட வச்சிட்டேன், பொறுத்துக்கம்மா.

ஓய்வு_மிஸ்ஸி | 10:15

ஜெலுத்தோங், நீ செஞ்சது தோல்வி இல்ல. ரத்தம் அதிகமா போனாலும், சக்கரை இருந்தாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும் பால் லேட்டாகும், சில பேருக்கு கடைசி வரைக்கும் முழுசா வராது, அது உள்ள விசயந்தான். 150 மில்லி ஆறு வாரம் குடுத்திருக்கியே, அத ஏன் கணக்குல சேக்க மாட்டேங்குற?

நம்ம சனத்துல சக்கரை அதிகம், அதனால இத படிக்கிற கர்ப்பிணிங்களுக்கு ஒன்னு சொல்லிர்றேன். பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள மார்ல போடுங்க, சக்கரை உள்ள அம்மாவோட பிள்ளைக்கு சக்கரை எறங்கும், சீம்பால் அதுக்கு நல்ல மருந்து. கடைசி மாசத்துல கையால சீம்பால் எடுத்து சிரிஞ்சுல உறைய வைக்கிற வழியும் இருக்கு, ஆனா உங்க டாக்டர கேக்காம ஆரம்பிக்காதீங்க. வெந்தயத்த பத்தி பெரிய அத்தாட்சி கெடயாது, நெறைய சாப்புட்டா சக்கரைய எறக்கும், மருந்து சாப்புடுறவங்க ஜாக்கிரத. பிஸ்கட்ட பத்தி நான் ஒன்னும் சொல்லல, 60 வெள்ளிக்கு எத்தன கிலோ கெம்போங் வரும்னு மட்டும் யோசிங்க.

செந்தூல்_புதுஅம்மா | புதன், மதியம் 1:05

கேகே போயிட்டு வந்தேன். நாக்குல ஒன்னுமில்லையாம். மிஸ்ஸி பாத்த ஒடனே சொல்லிட்டாங்க, நான் குனிஞ்சு மார பிள்ளகிட்ட கொண்டு போறேன், பிள்ளைய மார்கிட்ட கொண்டு வரணுமாம். கக்கத்துல இடுக்கி போட்டாங்க, மேல் உதடுல காம்பால ஒரு தடவு, வாய தொறந்துச்சு, லபக்குன்னு ஒட்டிக்கிச்சு. அப்பறம் அந்த "க்க" சத்தம்!! நான் கேட்டேன்!! இத்தன நாள் கேக்கவே இல்ல.

மாமியாரும் வந்திருந்தாங்க. நான் கூப்புடல, அவங்களே காடியில ஏறிட்டாங்க, ஒரு பக்கம் பயம் எனக்கு. மிஸ்ஸி அவங்களயும் கிட்ட கூப்புட்டு "பாட்டி காதுல கேளுங்க, முழுங்குது பாருங்க"ன்னாங்க. மாமியார் குனிஞ்சு கேட்டுட்டு ஒன்னும் பேசல. வர்ற வழியில லைட்டுல நிக்கும்போது சொல்றாங்க, எங்க வீட்டுக்காரர் பொறந்தப்ப அவங்களுக்கும் இப்படித்தான் வலிச்சுதாம், அவங்க மாமியார் மூணாம் நாளே டின்பால் ஆரம்பிச்சிட்டாங்களாம், "எனக்கு பாலே இல்லன்னு இத்தன வருசம் நெனச்சிக்கிட்டு இருக்கேன்"னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. கைய புடிச்சிக்கிட்டேன்.

கிள்ளான்_வாலுங்க_ரெண்டு | 1:20

😭😭 ஆபீஸ்ல உக்காந்து அழ வச்சிட்டீங்க

வங்சாமாஜு_ட்வின்ஸ் | புதன், ராத்திரி 11:02

இங்க கேக்கலாமா தெரியல. எனக்கு ரெட்டப்பிள்ள, ஒரு மாசம். எடது பக்கம் ஒரு எடத்துல கல்லு மாதிரி கட்டி, செவப்பா இருக்கு. மக்சிக்க கூப்புட்டு நல்லா அழுத்தி உருவுனா போயிருமா? வெந்நி ஒத்தடம் குடுத்துட்டு இருக்கேன்.

ஓய்வு_மிஸ்ஸி | 11:20

அழுத்தி உருவாத! நாங்களும் அந்தக் காலத்துல அப்படித்தான் சொல்லிக் குடுத்தோம், இப்ப மாத்திட்டாங்க. உள்ள வீங்கியிருக்குற எடத்த கசக்குனா வீக்கம்தான் கூடும். ஐஸ் துணியில சுத்தி வை, தடவுறதா இருந்தா பூன முதுக தடவுற மாதிரி. பிள்ளைங்களுக்கு எப்பவும் போல அந்தப் பக்கமும் குடு, காலி பண்ணணும்னு கூடுதலா பம்ப் பண்ணாத, அது இன்னும் பால வரவைக்கும். நாளைக்குள்ள கொறையலனாலோ, காய்ச்சல் குளிர் வந்தாலோ டாக்டர்கிட்ட போ, ஆன்டிபயாடிக் தேவப்படலாம், அத சாப்புட்டுக்கிட்டே பால் குடுக்கலாம்.

வங்சாமாஜு_ட்வின்ஸ் | 11:41

நன்றி மிஸ்ஸி. ஒரு வேடிக்கை சொல்றேன். மொத வாரம் எனக்கு ரெண்டு பேருக்கும் பத்தல, மாடி மேல இருக்குற காக் (மலாய் அக்கா) "எங்கிட்ட ப்ரீசர் நெறைய இருக்கு தரவா"ன்னாங்க. அவங்களுக்கும் கைப்பிள்ள, பொண்ணு. ராத்திரி அவங்க வீட்டுக்காரர் எறங்கி வந்து ரொம்ப மரியாதையா சொல்றாரு, அவங்க மார்க்கத்துல ரெண்டு வயசுக்குள்ள அஞ்சு தடவ வயிறார குடிச்சிட்டா எம்பசங்களும் அவங்க பொண்ணும் கூடப்பொறந்த மாதிரி ஆயிருவாங்க, பிற்காலத்துல கல்யாணம் கட்ட முடியாது, அதனால யோசிச்சிக்குங்கன்னு. எங்க மாமா உடனே "ஒரு வாரப் பிள்ளைக்கு சம்பந்தம் பேச வந்துட்டாரு"ன்னு சிரிச்சிட்டாரு, அவரும் சிரிச்சாரு. கடைசியில பால் வாங்கல, காக் தெனமும் வந்து கையால பால் எடுக்கச் சொல்லிக் குடுத்தாங்க. அது பம்ப்ப விட நல்லா வருது.

ஓய்வு_மிஸ்ஸி | வியாழன், காலை 6:30

வாங்காததும் நல்லதுதான், எவ்ளோ பழகுனவங்களா இருந்தாலும் ரத்தப் பரிசோதன இல்லாம பால் மாத்திக்கிறதுல நோய் தொத்துற வாய்ப்பு உண்டு.

கெப்போங்_அப்பா | வியாழன், மதியம் 12:44

அப்பாங்க என்ன செய்யணும்னு யாரும் கேக்க மாட்டேங்குறீங்க, நானே சொல்றேன். சட்டத்துல நமக்கு 7 நாள் லீவு, 2023 ஜனவரிலருந்து. நான் அந்த ஏழு நாள்ல பாதிய வந்தவங்களுக்கு மைலோ கலக்கியே கழிச்சேன், பெரிய முட்டாள்தனம். செந்தூல் தங்கச்சி வீட்டுக்காரர் படிச்சா சொல்லுங்க, வர்றவங்கள வாசல்லயே அளவா பேசி அனுப்பணும், ராத்திரி பிள்ள அழுதா தூக்கிட்டு போயி அம்மாகிட்ட குடுத்து, குடிச்சதும் ஏப்பம் எடுத்து பேம்பர்ஸ் மாத்தி படுக்கப் போடணும். பம்ப் பாகம் கழுவுறது முழுக்க ஆம்பள வேல.

அப்பறம் காசு விசயம். பம்ப், கூலர் பேக், பால் பாட்டில் இதுக்கெல்லாம் ரசீது வச்சிக்கிங்க, வருமான வரியில 1,000 வெள்ளி வரைக்கும் கழிக்கலாம், ரெண்டு வயசு வரைக்கும் உள்ள பிள்ள, ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ. ஆனா அம்மா பேருலதான் கழிக்க முடியும். நான் என் பேருல போட்டு திருப்பி அனுப்பிட்டாங்க 🙃

செந்தூல்_புதுஅம்மா | வெள்ளி, மாலை 5:18

2.98!! நாலு நாள்ல 100 கிராம். மூத்திரம் ஏழு, வெளிக்கி கடுகு மாதிரி மஞ்சள். புட்டி ராத்திரி ஒன்னு மட்டும், அதுலயும் பாதி எம்பால்.

ஒன்னு மட்டும் பயமா இருக்கு, சாயங்காலம் ஆறு மணிலருந்து பத்து மணி வரைக்கும் விடவே மாட்டேங்குறா, பதினஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ கேக்குறா. மாமியார் புட்டிய பாக்குறாங்க, என்னைய பாக்குறாங்க, எதுவும் சொல்லல, வெளிய போயி துணி காயப் போடுறாங்க. ராத்திரி எட்டு மணிக்கு 😂

ஓய்வு_மிஸ்ஸி | 6:40

உங்க மாமியாருக்கு ஒரு மால போடணும். சாயங்காலம் அப்படி கொத்து கொத்தா குடிக்கிறது எல்லா பிள்ளையும் செய்யும், பத்தலன்னு அர்த்தமில்ல. மூணாம் வாரம், ஆறாம் வாரம் இன்னும் கூடும். மூத்திரமும் எடையும் சரியா இருக்குற வரைக்கும் சோபாவுல சாஞ்சு நாடகம் பாரு, அவ குடிக்கட்டும்.

ஜெலுத்தோங்_காரி | வெள்ளி, ராத்திரி 10:05

சந்தோசமா இருக்கு தங்கச்சி. வேலைக்கு எப்ப திரும்பணும்? நான் பால் நிறுத்துனவ, ஆனா எங்க ஆபீஸ்ல கூட வேல செய்யிறவளுக்காக சண்ட போட்டு ஸ்டோர் ரூம்ல கதவுக்கு தாப்பா வாங்குனேன், அதனால கொஞ்சம் தெரியும். லீவு 98 நாள், ஆனா பால் எடுக்குறதுக்குன்னு பிரைவேட்டுல சட்டப்படி தனி பிரேக் கெடயாது, அதனால லீவு முடியிறதுக்கு ஒரு மாசம் மின்னாடியே போஸுக்கு எழுதி கேட்டுரு. டாய்லெட்ல எடுக்காத. எடுத்த பால் ஏர்கோன் ரூம்ல நாலு மணி நேரம், ஐஸ்பெட்டி கீழ்ப்பக்கம் நாலு நாள், கதவு தட்டுல வைக்காத. ப்ரீசர்ல ஆறு மாசம். கரைஞ்சத மறுபடி உறைய வைக்கக் கூடாது, மைக்ரோவேவ்ல சுட வைக்கக் கூடாது, வெந்நியில நிறுத்துனா போதும். எல்ஆர்டி ரயில் நெரிசல்ல கூலர் பேக்க மடியில வச்சிக்க, ஒருத்தன் எங்காளோட பேக் மேல உக்காந்துட்டான்.

செந்தூல்_புதுஅம்மா | அடுத்த செவ்வாய், காலை 10:50

16ஆம் நாள். 3.12. பொறந்த எடைய தாண்டிட்டா. ரெண்டு வாரத்துல வரணும், ரெண்டு நாள் லேட்டு, பரவால்லன்னு மிஸ்ஸி சொன்னாங்க. மாவுப்பால் ஞாயித்துக்கெழமையிலருந்து இல்ல. எடது பக்கம் இன்னும் கொஞ்சம் வலிக்குது, அந்தப் பக்கம் போடும்போது கை நடுங்குது, பழகிரும்னு நெனைக்கிறேன்.

மாமியார் இப்ப பக்கத்து பிளாக்குல பிரசவமான பொண்ணு வீட்டுக்கு போயி "காதுல கேளு, முழுங்குதா பாரு"ன்னு வகுப்பு எடுக்குறாங்களாம், அந்தப் பொண்ணு எனக்கு போன் பண்ணி "ஆன்ட்டிய கூப்ட்டுக்குங்க"ன்னு கெஞ்சுறா 😂

சுங்கைசிப்புட்_பாட்டி | 11:15

நல்லாருக்கட்டும் பிள்ள. கெம்போங்ல புட்டு செஞ்சு பாத்தேன். உப்பு கொஞ்சம் கூட போடணும். மிஸ்ஸிகிட்ட நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்.

ஓய்வு_மிஸ்ஸி | 11:17

படிச்சிட்டுதான் இருக்கேன் பாட்டிம்மா. சோம்பு சேத்தீங்களா?

சுங்கைசிப்புட்_பாட்டி | 11:30

சோம்பு இல்லாம யாரு புட்டு செய்வா.